இன்பராணி கேட்கும் முதல் கேள்வி

ஏப்ரல் பிறந்துவிட்டால் இன்பராணிக்கு இருப்புக் கொள்ளாது. ஆஸ்பத்திரியில் காலை டியூட்டி முடிந்து, யூனிஃபார்மை அங்கேயே மாற்றிக்கொண்டு, பஸ்ஸில் நின்றபடியே மோதி பாக் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேருவாள். கைப்பையைக் கீழே வைப்பதற்குள் அடுப்பைப் பற்ற வைத்து மாங்காயைச் சுடப் போட்டுவிடுவாள். "கொஞ்சம் உக்காருளா" என்று நான் சொன்னால், "உக்காந்தா எந்திரிக்க மாட்டேன்" என்பாள். மாங்காய் வெந்துகொண்டிருக்கும்போதே வெந்தயத்தை ஊறப் போடுவாள், மோரைக் கடைவாள், நடுவில் வாசலுக்கு ஓடிப்போய் யாரும் வருகிறார்களா என்று பார்த்துவிட்டு வருவாள். பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கே தலை சுற்றும்.

நான் டெல்பின். அவள் வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியில், அதே எமர்ஜென்சியில் நானும் நர்ஸ். இரண்டு பேர் வீட்டுக்காரர்களுக்கும் தலைநகரத்தில் மத்திய சர்க்கார் உத்தியோகம் என்பதால் குவார்ட்டர்ஸும் ஒரே கட்டடத்தில் அமைந்துவிட்டது. அவள் கீழே, நான் மேலே. அவளுக்கு ஊர் நாசரேத், எனக்குத் தூத்துக்குடி. அவள் சி.எஸ்.ஐ., நான் ஆர்.சி. இந்த இரண்டு விஷயத்திலும் எங்களுக்குள் சண்டை உண்டு. மற்றபடி சேர்ந்தே போவோம், சேர்ந்தே வருவோம்.

சாயங்காலம் ஆனால் அவள் வீட்டு வாசலில் கூட்டம். வியர்க்குரு வந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி நிற்பாள். முல்தானி மட்டியைப் பன்னீரில் குழைத்துக் கழுத்திலும் முதுகிலும் பூசி, "ஏளா, பவுடரக் கொட்டிக் கொட்டி அடைக்காத. காத்தாட விடு" என்று அனுப்புவாள். வயிற்றுச் சூட்டுக்கு ஊறின வெந்தயமும் மோரும். வெயிலில் அலைந்து வாடி வருகிறவர்களுக்குச் சுட்ட மாங்காயில் வெல்லமும் சீரகமும் கறுப்பு உப்பும் கரைத்த பானகம். நீர்க்கடுப்பு என்று கூச்சத்தோடு வந்து நிற்கும் ஆபீஸ் பெண்களுக்கு பார்லி கஞ்சி கிடைக்கும், கூடவே திட்டும் கிடைக்கும். ஆபீஸ் பாத்ரூம் நாறுகிறது என்று நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு இங்கே வந்து அழுதால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இதையெல்லாம் எங்கே படித்தாள் என்றால், பாதி பக்கத்து வீட்டுப் பெண்களிடம், பாதி எங்கள் வார்டில் வந்து படுத்த உத்தரப் பிரதேசத்துப் பேஷண்டுகளிடம். டிரிப் ஏற்றும்போதே வாயைக் கிளறிவிடுவாள்.

வேனல் கட்டிக்கு நாமக்கட்டியை இழைத்துப் போடுவாள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நன்னாரி வேரோடு நாமக்கட்டியும் வாங்கி வந்து, அலமாரியில் பைபிளுக்குப் பக்கத்தில் வைத்திருப்பாள். ஒருமுறை ஜெபக் கூட்டத்துக்கு வந்த பாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்க முடியாமல் தவித்தார். "கட்டிக்குங்க ஐயா" என்று இவளாகவே சொன்னாள். அடுத்த வாரம் பாஸ்டரின் சம்சாரம் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு போனார்.

வருகிற எல்லாரிடமும் அவள் முதலில் கேட்பது ஒன்றுதான். "வேர்க்குதா?" சட்டைக் காலருக்குள் கைவிட்டுப் பிடரியைத் தொட்டும் பார்த்துக்கொள்வாள். "வெயில்ல போய்ட்டு வந்து வேர்வை நின்னு போச்சுன்னாலும், பேச்சு மாறுச்சுன்னாலும் எங்கிட்ட வராதீய. மோரும் வேண்டாம், மாங்காயும் வேண்டாம். நேரா ஆஸ்பத்திரி" என்று தமிழிலும் ஹிந்தியிலும் சொல்லுவாள். காலனியில் இது எல்லாருக்கும் மனப்பாடம். கேட்டால் ஒப்பிப்பார்கள்.

எனக்கு இதிலெல்லாம் எரிச்சல்தான். அவளைப் பார்த்து அல்ல, வருகிறவர்களைப் பார்த்து. வாங்கிக் குடித்துவிட்டுப் போகிற கூட்டம் அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்ததா? அதோடு, அவள் சொன்னது, சொல்லாதது எல்லாம் அவள் பெயரிலேயே உலாவ ஆரம்பித்தது. சட்டைப் பையில் வெங்காயம் வைத்துக்கொண்டு போனால் லூ அடிக்காது என்பது இந்த ஊரில் எவரும் சொல்வது. இங்கே கோடையில் வீசும் அனல் காற்றுக்கு லூ என்று பேர். எங்கள் காலனியில் அதையும் இன்பராணி சொன்னதாகத்தான் பேச்சு.

போன வருஷம் இது வார்டு வரைக்கும் வந்துவிட்டது. டியூட்டியில் எங்கள் செல்போன்கள் லாக்கரில் இருக்கும். அவசரத்துக்கு வார்டு டெலிபோன். அந்த நம்பரை அவள் வீட்டுக்காரர் எலியேசர், கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டார். பாவம், அவருக்கு இல்லை என்று சொல்ல வராது. எமர்ஜென்சியில் ஒரு ஆள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறபோது போன் அடிக்கும். எடுத்தால், வெந்தயம் எத்தனை ஸ்பூன் என்று கேட்பார்கள். இன்சார்ஜ் ப்ரீதா சிஸ்டர் எல்லார் முன்னாலும் இன்பராணியை வாங்கு வாங்கென்று வாங்கினார். இவள் வீட்டுக்கு வந்து அந்தக் கோபத்தை எலியேசர் தலையில் இறக்கினாள். "யாரு செத்தாலும் பொழச்சாலும் வார்டுக்குப் போன் வரப்படாது, சொல்லிட்டேன்" என்றாள். அவர் தலையை ஆட்டினார். அவர் தலையாட்டினால் அது கல்லில் எழுதினதுதான்.

இந்த ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். காலையிலிருந்தே எமர்ஜென்சியில் கட்டில் இல்லை. ரிக்ஷா இழுக்கிறவர், கட்டட வேலைக்காரர்கள், பஸ் ஸ்டாப்பில் சுருண்டு விழுந்த ஒரு டீச்சர் என்று வந்துகொண்டே இருந்தார்கள். ஐஸ் மூட்டை, ஈரத் துணி, மின்விசிறி என்று ஓடினோம். இன்பராணி ஒரு கட்டிலிலிருந்து இன்னொன்றுக்குப் பறந்தாள். இரண்டு மணிக்கு எங்களை மாற்றிவிட வேண்டியவர்கள் வந்துசேரவில்லை. மெட்ரோவில் ஏதோ கோளாறு. பேஷண்டை விட்டுவிட்டுக் கிளம்ப முடியுமா? நின்றோம். அவள் மட்டும் கடிகாரத்தைப் பார்ப்பதும் கதவைப் பார்ப்பதுமாக இருந்தாள். "வீட்ல வந்து காத்துக் கெடப்பாவளே" என்று முணுமுணுத்தாள். "கெடக்கட்டும்" என்றேன் நான். அந்த வார்த்தை இப்போதும் என் நாக்கில் கசக்கிறது.

அவள் சொன்னது சரிதான். காத்துக்கொண்டுதான் இருந்தார்கள். வெங்கட்ராமன் சார், அவர் மருமகள் வைதேஹி. இந்த வெங்கட்ராமன் சார் மத்திய அமைச்சகம் ஒன்றில் பெரிய அதிகாரியாக இருந்து ரிட்டயர் ஆனவர். எலியேசர் அவருக்குக் கீழே வெகு காலம் கிளார்க். மகனுக்கும் சர்க்கார் வேலை என்பதால் இப்போது எங்கள் காலனியிலேயே, இரண்டு பிளாக் தள்ளி இருக்கிறார். அன்றைக்கு மகன் டூர் போயிருந்தார். சார் காலையில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு ஊறுகாய்க்கு மாங்காய் வாங்கக் கிளம்பியிருக்கிறார். வேண்டாம் என்ற மருமகளிடம் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினாராம். உள்ளே வெங்காயம்.

திரும்பி வந்தவர் வாசலிலேயே தள்ளாடினார். வைதேஹி கெட்டிக்காரப் பெண். வாட்ச்மேனைக் கூப்பிட்டு, கைத்தாங்கலாகக் காரில் ஏற்றிவிட்டாள். ஏற்றி எங்கே போயிருக்க வேண்டும்? காலனி கேட்டைத் தாண்டினால் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோடுதான். அவள் கேட் வரைக்கும் வந்துவிட்டாள். பின் சீட்டிலிருந்து சார், "ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு ஆரம்பிக்காதே. இன்பராணியாண்ட போ" என்று சத்தம் போட்டிருக்கிறார். அவள் வண்டியைத் திருப்பிவிட்டாள். திருப்பி, இன்பராணி இல்லாத வீட்டுக்கு வந்தாள்.

எலியேசர் கதவைத் திறந்தார். ஹாலில் இன்பராணியின் கட்டிலில் சாரைப் படுக்க வைத்தார்கள். இரண்டு மணி டியூட்டி முடிந்து இதோ வந்துவிடுவாள் என்று எலியேசர் சொல்ல, இவர்கள் உட்கார்ந்தார்கள். எலியேசர் அவள் செல்லுக்கு அடித்துப் பார்த்தார். அது லாக்கரில் கிடந்தது. வார்டுக்கு அடிக்கக் கூடாது. ஃப்ரிட்ஜில் இருந்த மாங்காய்ப் பானகத்தைக் கரைத்துக் கொடுத்தார். பக்கத்து வீட்டம்மா வந்து வெங்காயத்தை நசுக்கி உள்ளங்காலில் தேய்த்தார். இன்னொருவர் நெற்றியில் சந்தனம் போட்டார். ஆளுக்கொரு வைத்தியம். ஆஸ்பத்திரி என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. வந்தாலும், "இன்பராணி வந்து பாத்துச் சொல்லட்டும்" என்று முடிந்துவிட்டது.

எங்களுக்கு ஆள் வந்து, நாங்கள் லாக்கர் ரூமுக்குப் போனபோது மூன்று மணி தாண்டியிருந்தது. மாற்றுத் துணியை ஒரு கையில் எடுத்துக்கொண்டு மறு கையால் செல்லைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். திரை முழுக்க எலியேசர் பெயர். உடனே அடித்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"வந்துட்டியா? சார் வந்திருக்காங்க. நம்ம வெங்கட்ராமன் சார்" என்றார் எலியேசர்.

"என்ன செய்யுது அவுகளுக்கு?"

"வெயில்ல போய்ட்டு வந்தாங்களாம். பானகம் குடுத்தேன். வாந்தி எடுத்துட்டாங்க."

"வேர்க்குதா?"

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"ஏங்க, வேர்க்குதான்னு கேக்கேன்!"

"இல்ல. ஒடம்பு அனலாக் கொதிக்குது. பேச்சும் ஒரு மாதிரியா இருக்கு. என்னயப் பாத்து, அந்த ஃபைலை எங்கடா வச்சேன்னு கேக்காங்க. இன்னா எடுத்துட்டு வாரேன் சார்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்."

இன்பராணி சுவரில் சாய்ந்துகொண்டாள். "வார்டுக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாம்லா?"

"நீதான வார்டுக்கு அடிக்கப்படாதுன்ன?"

வைதேஹி போனை வாங்கி, "ஆன்ட்டி, நீங்க கெளம்பிட்டேளா? வந்துடுவேள்னுதான் காத்துண்டிருக்கோம்" என்றாள். இன்பராணி கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "நான் வரல்ல. நீங்க வாங்க! இந்த நிமிஷம் தூக்குங்க. பெட்ஷீட்டத் தண்ணியில முக்கி மேல சுத்துங்க. ஃப்ரிட்ஜில இருக்க ஐஸ் எல்லாத்தையும் அக்குள்ல வையிங்க. கார்ல ஏ.சி.யக் கூட்டி வச்சு வாங்க. வாயில ஒரு சொட்டு எதுவும் ஊத்தாதீய!"

மாற்றுத் துணி தரையில் கிடந்தது. நான் எடுத்து உள்ளே வைத்தேன். அவள் மாஸ்க்கை மறுபடி மாட்டிக்கொண்டு எமர்ஜென்சி வாசலுக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். ஸ்ட்ரெச்சரை இழுத்து வந்து வைத்துவிட்டு அவள் கேட்டுக்கும் ஸ்ட்ரெச்சருக்கும் நடந்தாள். மறுபடி நடந்தாள். ஒவ்வொரு காருக்கும் எட்டிப் பார்த்தாள். "இந்த நேரத்துக்கு ரிங் ரோடு அடைச்சிருக்குமோ?" என்று என்னைக் கேட்டாள், செக்யூரிட்டியைக் கேட்டாள், யாரோ ஒரு ஆம்புலன்ஸ் டிரைவரையும் கேட்டாள். ப்ரீதா சிஸ்டர் வெளியே வந்து, "டியூட்டி கதம் ஆச்சே, இன்னும் போகலையா?" என்றார். இவள் காதில் அது விழவில்லை.

கார் வந்தது. பின் சீட்டில் எலியேசர். அவர் மடியில் ஈரப் பெட்ஷீட் சுற்றிய சாரின் தலை. முன் கதவைத் திறந்து இறங்கிய வைதேஹி ஓடி வந்து, எதிரே நின்றவளின் கையைப் பிடித்துக்கொண்டு ஹிந்தியில் அழுதாள். "சிஸ்டர், ப்ளீஸ், இன்பராணி சிஸ்டர் கோ புலாயியே. வோ ஹமாரி அப்னி ஹைன்."

எங்கள் சொந்த மனுஷி, அவரைக் கூப்பிடுங்கள் என்று இன்பராணியின் கையையே பிடித்துக்கொண்டு கெஞ்சுகிறாள். தொப்பி, மாஸ்க், மேலே கட்டிய பிளாஸ்டிக் ஏப்ரன். காலனிக்குத் தெரிந்த இன்பராணி நைட்டியும் அதன்மேல் ஒரு துப்பட்டாவும் அல்லவா? இன்பராணி கையை விடுவித்துக்கொண்டு ஸ்ட்ரெச்சரைப் பிடித்தாள்.

உள்ளே போய்ச் சட்டையைக் கத்தரித்தபோது பையிலிருந்து வெங்காயம் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. "இத நான் சொல்லலையேளா" என்றாள் என்னிடம். கை நிற்கவில்லை. ஊசி ஏற்றினாள், ஐஸ் வைத்தாள், டாக்டர் கேட்டதையெல்லாம் கேட்பதற்கு முன்னால் நீட்டினாள். சூடு இறங்கத் தொடங்கி, அவரை ஐ.சி.யு.வுக்குத் தள்ளிக்கொண்டு போன பிறகு, இளைய டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். ஆள் பிழைத்துவிடுவார், ஆனால் கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் மூளை இவ்வளவு அடி வாங்கியிருக்காது, அந்த நேரத்தை எங்கே போக்கினார்கள் என்று தெரியவில்லை. அவர் எங்களிடம் கேட்கவில்லை. பொதுவாகச் சொன்னார். ஆனால் அந்த நேரம் எங்கே போனது என்று இன்பராணிக்குத் தெரியும். அவள் வீட்டு ஹாலில், அவள் கட்டிலில், அவள் பானகத்தோடு போனது.

சார் பிழைத்தார். ஆனால் நடை தள்ளாடியது. நாக்கு தடித்துப்போனது.

அதன் பிறகு இன்பராணி வைத்தியத்தை நிறுத்திவிட்டாள். ஜூன் இன்னும் முடியவில்லை, கதவு சாத்திக் கிடந்தது. கதவைத் தட்டினவர்களை நான்தான் மாடியிலிருந்து விரட்டினேன். அப்போதாவது உட்கார்ந்தாளா என்றால், அதுவும் இல்லை. கழுவின பாட்டிலையே திரும்பக் கழுவினாள். நாமக்கட்டியை எடுத்துக் குப்பையில் போட்டாள், பிறகு போய்ப் பொறுக்கி வந்தாள். எலியேசர் அவள் பின்னாலேயே ரூமுக்கு ரூம் நடந்தார். "நாஞ்செஞ்ச தப்புக்கு நீ ஏன் கெடந்து மருகுத?" என்று கேட்டார். "ஒங்க தப்பு இல்ல. போன் பண்ணாதன்னு சொன்னது நானு" என்றாள். எனக்கு அவளைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது. காலனி மொத்தத்தையும் நிற்க வைத்து நாலு கேள்வி கேட்கலாம் போலக் கோபமும் வந்தது.

மழை தொடங்கிப் புழுக்கம் பிடுங்கி எடுத்த ஒரு சாயங்காலம், வைதேஹி கையைப் பிடித்துக்கொண்டு சார் வந்தார். நானும் அங்கே இருந்தேன். எலியேசர் நாற்காலியை இழுத்துப் போட்டார். சார் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, வார்த்தை வார்த்தையாகப் பேசினார்.

"வைதேஹியக் கோச்சுக்காதே, இன்பராணி. நான்தான் ஆஸ்பத்திரி வேண்டாம்னேன். அங்கே போனா, யாரோ ஒருத்தி வருவா. மூஞ்சியக்கூடப் பாக்காம ஊசியக் குத்திட்டுப் போவா. நீ வந்து தொட்டுப் பாத்தாப் போறும்னு இருந்தது."

இன்பராணி நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நடந்ததை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. எலியேசரும் தானாக எதையும் சொல்கிற ஆள் இல்லை.

"அந்த யாரோ ஒருத்தி நான்தான் சார்" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை.

"ஒங்க சட்டையக் கத்தரிச்சது நான். ஊசி குத்துனது நான். இந்தப் புள்ள எங்கையப் பிடிச்சிக்கிட்டு, இன்பராணியக் கூப்பிடுங்கன்னு அழுதுச்சு. நான் அதுக்கு முன்னாலதான் நிக்கேன்."

வைதேஹி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். "அது நீங்களா, ஆன்ட்டி?" என்றாள். பிறகு முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டாள். சார் நடுங்கும் கையை நீட்டி இன்பராணியின் விரல்களைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் போகும்போது, கதவருகே நின்று சார் திரும்பிக் கேட்டார். "வார்டுக்குப் போன் பண்ணினா உன்னாண்ட பேசலாமா?"

மறுநாள் நான் டியூட்டிக்குக் கீழே இறங்கும்போது அவர்கள் வீட்டுக் கதவில் ஒரு அட்டை தொங்கியது. எலியேசரின் ஆபீஸ் கையெழுத்து. தமிழிலும் ஹிந்தியிலும் எமர்ஜென்சி வார்டு நம்பர். கீழே, வேர்வை நின்றால் இங்கே நிற்காதே என்று ஒரு வரி. "ப்ரீதா சிஸ்டர் ஒன்னயக் கொல்லப் போறா" என்றேன். "கொல்லட்டும்" என்றாள்.

அன்றைக்குப் பத்து மணிக்கெல்லாம் வார்டு டெலிபோன் அடித்துவிட்டது. ப்ரீதா சிஸ்டர் எடுத்தார், கேட்டார், ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு இன்பராணியை முறைத்தார். "உன் வெந்தயம் கேஸ்." இன்பராணி ஓடிவந்து வாங்கி, மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இறக்கினாள்.

"இன்பராணிதான் பேசுதேன். மொதல்ல சொல்லு, வேர்க்குதா?"

அந்தப் பக்கத்துப் பெண் குரல் எனக்கே கேட்டது. "ஊத்துது ஆன்ட்டி! வயிறுதான் எரியுது."

இன்பராணி ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அச்சா. அப்ப கேட்டுக்கோ" என்று வெந்தயத்தின் அளவைச் சொல்ல ஆரம்பித்தாள்.